வெட்டுமுன் ஒரு சொல்

பழைய குடும்பப் புகைப்படங்களைத் துண்டுகளாக வெட்டி, ஓர் அட்டையின்மேல் இயைபுற ஒட்டிப் புதியதொரு சித்திரம் சமைக்கும் வழக்கம் இந்நாளில் மாணவரிடையே பெருகி வருகின்றது. பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் இதனினும் உவப்பான பரிசு வேறில்லை என்பாரும் உளர். யாம் இக்கலையின் பகைவர் அல்லேம். இதில் ஈடுபட்டு இன்புற்றவரே. ஆயினும், கத்தரிக்கோலைக் கையில் எடுக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு என்பதே எமது கருத்து.

இக்கலைக்குக் 'கொலாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ஒட்டுதல் என்பது அதன் பொருள். 1912-ஆம் ஆண்டில் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள், சுவர்த்தாள் முதலியவற்றின் துண்டுகளைத் தம் ஓவியங்களில் ஒட்டி, இதற்கு ஓவிய உலகில் ஓரிடம் தேடித் தந்தனர். முதல் உலகப் போருக்குப் பின்னர், பெர்லின் நகரத்து ஹன்னா ஹோக் என்னும் பெண்மணி பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டித் தம் காலத்து அரசியலை எள்ளி நகையாடினார். இவர்களுக்கும் முன்பே, 1860-களிலும் 1870-களிலும், இங்கிலாந்தின் செல்வக் குடிப் பெண்டிர் சிலர் உற்றார் உறவினரின் சிறு புகைப்படங்களினின்றும் முகங்களை வெட்டியெடுத்து, தாம் தீட்டிய நீர்வண்ணச் சித்திரங்களில் பதித்து மகிழ்ந்தனர்.

இவ்விடத்து ஓர் உண்மை நோக்கத்தக்கது. செய்தித்தாளும் பத்திரிகையும் ஆயிரக்கணக்கில் அச்சாவன. அவ்வாங்கிலப் பெண்டிர் வெட்டியவையோ, பாரிஸ் நகரத்து திஸ்தேரி என்பார் 1854-இல் காப்புரிமை பெற்ற முறையால், ஒரே தகட்டில் பல படங்களாக எடுக்கப்பட்டு மலிவாகப் பரவிய சிற்றட்டைகள். ஒன்றை வெட்டினும் மற்றொன்று எஞ்சும். நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படம் பெரும்பாலும் அத்தன்மைத்தன்று. அதனை எடுத்த ஸ்டுடியோ மூடப்பட்டிருக்கும்; அதன் நெகட்டிவ் என்றோ அழிந்திருக்கும்; உலகில் அஃது ஒன்றே ஒன்று.

இதனை யாம் பிழை செய்தே கற்றோம். சென்ற ஆண்டு எம் பாட்டியாரின் எண்பதாம் பிறந்தநாளுக்கு, அவர்தம் பிள்ளைப் பருவத்துப் படங்களைக் கொண்டு ஒரு கொலாஜ் செய்து அளித்தோம். குடும்பத்தார் அனைவரும் நின்ற படமொன்றிலிருந்து அவருடைய சிறுமுகத்தை மட்டும் வட்டமாக வெட்டியெடுத்திருந்தோம். நெடுநேரம் அதனை நோக்கியிருந்த அவர், "என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அவள் எங்கே?" என்று வினவினார். அவள் அவர்தம் தங்கை. ஏழு வயதில் காய்ச்சலால் இறந்தவள். அவளுக்கென இருந்த படம் அஃது ஒன்றே. எம் தந்தையாரும் அறியாத செய்தி அது. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினோம். துண்டு கிடைத்தது. திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் எம் பாட்டியாரின் தந்தையார் கையெழுத்தில் பெயர்கள்! எம் கத்தரிக்கோல் அவற்றை இடையே அறுத்திருந்தது. மற்றைப் பாதி, பசையில் மூழ்கி அட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

'பெட்டிக்குள் இராமபாணப் பூச்சிக்கு இரையாவதினும், சுவரில் துண்டாகவேனும் விளங்குவது நன்றன்றோ?' எனச் சிலர் வினவலாம். அவ்வினாவில் உண்மை உண்டு. எம் கொலாஜ் இல்லையேல் அத்தங்கையைப்பற்றி யாம் கேள்வியுற்றிருக்கவே மாட்டோம். ஆதலின் கலையைக் கைவிடுக என்பது எம் கருத்தன்று. மூலத்தைத் தொடற்க என்பதே. நல்ல படி எடுக்க இக்காலத்தில் ஒரு கைப்பேசியே போதும். படியை வெட்டுக, மூலத்தைப் பேணுக. மாவுப்பசை பூச்சியை அழைக்கும். வெயில் வண்ணப்படத்தை வெளிறச் செய்யும். படி கெடின் மற்றொரு படி எடுத்துக்கொள்ளலாம். அன்றியும், வெட்டுமுன் மூத்தோர் அருகில் அமர்ந்து, படத்தில் நிற்பார் ஒவ்வொருவரும் யார் எனக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். படத்தைப் பூச்சி அரிக்குமுன் அவர்தம் நினைவைக் காலம் அரித்துவிடும்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னரும், மீந்த துணிக்கைகளைச் சேர்த்து வைக்குமாறு நம் ஆண்டவர் சீடரைப் பணித்தார். கூடைகள் பன்னிரண்டு நிறைந்தன. எம் வீட்டுக் கூடையில் கிடந்ததும் அத்தகையதொரு துணிக்கையே. இன்று அதன் படி, பாட்டியாரின் முகத்தருகே ஒட்டப்பெற்றுள்ளது. இரண்டிற்கும் இடையே வெட்டின் கோடு தெரிகின்றது. அதனை மறைக்க யாம் முயலவில்லை. நண்பர்காள்! படத்தின் நடுவில் நிற்பாரைப் போலவே, ஓரத்தில் நிற்பாரும் நம்மவரே என்பதை மறவாதீர்.