கண்ணை உறுத்தும் கீறலும் காரைத் தின்னும் கீறலும்

எங்கள் வீட்டில் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா கார் ஒன்று இருக்கிறது. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், அதன் பானெட்டில் இருந்த மெல்லிய கீறல்களைப் போக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் கிடந்த 600ஆம் எண் மணல்தாளால் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் கீறல்கள் மறைந்தன. கூடவே பளபளப்பும் மறைந்தது. உள்ளங்கை அகலத்திற்கு வெளிறிய திட்டு ஒன்றுதான் மிஞ்சியது.

அன்று இன்னொரு தவறும் செய்தேன். பின்சக்கரத்துக்கு மேலே, கல் பட்டுச் சாயம் பெயர்ந்த மிளகளவுப் புள்ளி ஒன்று இருந்தது. ‘சின்னதுதானே’ என்று விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு மழை குடித்த பிறகு, அதைச் சுற்றிச் சாயம் கொப்புளம்போல எழும்பியது. விரலால் அழுத்தினேன்; நொறுங்கியது. உள்ளே துரு. அப்பா பார்த்துவிட்டு, “நீ அறிவியல் ஆசிரியர்தானேப்பா?” என்று மட்டும் கேட்டார்.

மாணவர்களே, பழைய காரின் கீறலை வீட்டிலேயே சரிசெய்யலாம் என்பது என் கருத்து. ஆனால், நம்மில் பலர் தவறான கீறலையே துரத்துகிறோம். கண்ணை உறுத்தும் கீறல் வேறு. காரைத் தின்னும் கீறல் வேறு. இரண்டையும் பிரித்தறிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

காரின் எஃகுத் தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அடுத்து அடிப்பூச்சு, பிறகு நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என அடுக்கடுக்காக இருக்கும். இத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தெளிபூச்சு மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். பலரின் தலைமுடி அதைவிடத் தடிமனானது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய பூச்சுதான்.

மெருகேற்றினால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத் தாழ்த்துகிறோம். அதனால் பள்ளம் தெரியாமல் போகிறது. பற்பசையால் தேய்ப்பதும் இதே வேலைதான். அதில் உள்ள நுண்துகள்கள் கீறலின் விளிம்பை மழுக்குகின்றன. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பாதுகாப்பில் கொஞ்சம் குறைகிறது. பழைய காரில் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு.

சரி, கீறலின் ஆழத்தை எப்படி அறிவது? ஒரு குவளைத் தண்ணீர் போதும். கீறலின் மேல் சில துளிகள் விடுங்கள். கீறல் மறைந்தால் அது பெரும்பாலும் தெளிபூச்சோடு நின்றுவிட்டது. காரணம், நீங்கள் படிவம் 4 இயற்பியலில் படிக்கும் ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, தெளிபூச்சுக்கு ஏறத்தாழ 1.5. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறையும்போது வேறுபாடு குறைகிறது. ஒளி சிதறுவதும் குறைகிறது. அதனால் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்து, காய்ந்த பிறகு நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். நகம் மாட்டிக்கொண்டால் கீறல் ஆழமானது.

தண்ணீரில் மறையும் கீறலை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். அதனால் தகட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் சாம்பல் நிற உலோகமோ பழுப்பு நிறமோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. நீரில் கரைந்த உயிர்வளி அவற்றைப் பெறுகிறது. படிவம் 5 வேதியியலில் வரும் துருப்பிடித்தல்தான் இது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். எனவே பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் சாயத்தையும் அடியிலிருந்து தூக்கிவிடும். மழையும் ஈரப்பதமும் நிறைந்த நம் நாட்டில் இதற்கு ஓய்வே இல்லை.

சரிசெய்யும் முறை எளிது. துருவை மட்டும் சிறிய மணல்தாள் துண்டால் சுரண்டி எடுங்கள். ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து உலர விடுங்கள். முதலில் துருத்தடுப்பு அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியாகத் தெளிபூச்சு. காரின் நிறக் குறியீடு பெரும்பாலும் இயந்திரப் பகுதியிலோ கதவுச் சட்டத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். சிறிய தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும், பூச்சு சுருங்கிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். கடினமாக்கி கலந்து தெளிக்கும் இருகூறுப் பூச்சுகளைத் தொடாதீர்கள். அவற்றில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

“பழைய காருக்கு இவ்வளவு பாடா சார்?” என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அந்தப் பழைய காரில்தான் பல வீடுகளில் அப்பா வேலைக்குப் போகிறார், தங்கை பள்ளிக்குப் போகிறாள். புதிய கார் வாங்க எல்லாராலும் முடியாது. மிளகளவில் இருக்கும்போதே ஒரு சொட்டுச் சாயத்தால் அடைத்திருந்தால், நான் பட்டறைக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

இந்த வார இறுதியில் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரோடு காரைச் சுற்றி வாருங்கள். தண்ணீரில் மறைபவை, மறையாதவை, உலோகம் தெரிபவை என்று மூன்று வகையாகத் தாளில் குறியுங்கள். மூன்றாவது வகையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

என் பானெட்டில் அந்த வெளிறிய திட்டு இன்னும் இருக்கிறது. வெயிலில் அதன் நிறம் இன்னும் மங்கலாம். அடிப்பூச்சு இருப்பதால் தகடு துருப்பிடிக்கவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை, சக்கரங்களுக்கு மேலே குனிந்து மிளகளவுப் புள்ளிகளைத்தான் தேடுகிறேன்.