எந்த விரல் மரத்துப்போகிறது?

கை மரத்துப்போவதாக டாக்டரிடம் போகும் பலர் ஒரு முக்கியமான விவரத்தைச் சொல்வதில்லை: எந்த விரல்? அவசரத்தில் இருக்கும் டாக்டரும் சில சமயம் அதைக் கேட்பதில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்ற பொதுப் பெயரில் ஒரு வைட்டமின் ஊசியும் ஒரு மாதத்துக்கான சத்து மாத்திரையும் கிடைக்கின்றன. தீர்ந்ததும் இன்னொரு மாதத்துக்கு. கோளாறு மணிக்கட்டில் இருந்தாலும் முழங்கையில் இருந்தாலும் ரத்தத்தில் இருந்தாலும் மருந்து ஒன்றே. ஆனால் நரம்பு அப்படிக் காத்திருப்பதில்லை. கெடு தாண்டிவிட்டால் எந்த ஊசியும் போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

கைக்கு வரும் நரம்புகள் கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து புறப்பட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று குறுகலான பல வழிகளைக் கடந்து விரல் நுனியை அடைகின்றன. எந்தெந்த வீடுகளில் விளக்கு அணைந்தது என்று கேட்டே எந்தக் கம்பத்தில் பழுது என்று லைன்மேன் சொல்லிவிடுவார். விரல்களும் அப்படித்தான். எவை மரத்தன, எவை தப்பின என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மிகப் பரவலானது மணிக்கட்டுக் கோளாறு. இரவுத் தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, ஊசி குத்துவது போன்ற வேதனையில் விழிப்பு வரும். கையை உதறினால் சற்று இதமாக இருக்கும். மோதிர விரலில் பாதி மரத்திருக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். டாக்டர்கள் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்று சொல்வது இதைத்தான். மணிக்கட்டில் எலும்புகளும் கெட்டியான ஒரு நார்ப்பட்டையும் சேர்ந்து ஒரு சிறு சுரங்கத்தை அமைத்திருக்கின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீக்கம் கண்டாலும் நசுங்குவது நரம்புதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். கர்ப்ப காலம், தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், முடக்குவாதம் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். மணிக்கட்டை மடக்கி, விசை கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளும், பாறையில் துளையிடும் டிரில் போன்ற அதிரும் கருவிகளும் காரணமாகலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, மணிக்கட்டுகள் மடங்கியிருக்கும்படி 1 நிமிடம் பிடித்துப் பார்க்கலாம். விரல்கள் மரக்கத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளக்கும் சோதனை அதை உறுதிசெய்யும்.

ஆரம்பத்திலேயே வந்தால் சிகிச்சை எளிது. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க, இரவில் ஒரு பட்டை அணிந்து சில வாரங்கள் தூங்கினாலே பலருக்குக் குணம் தெரியும். போதாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. அதுவும் போதாவிட்டால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை சிகிச்சை. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றத் தொடங்குவது தாமதமாகிவிட்டதற்கு அடையாளம். அதன் பிறகு செய்யும் அறுவையில் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கை வழியாக வலி இறங்கினால் பழுது கழுத்தில் இருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்துக் கை திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இரண்டு கைகளிலும் எல்லா விரல்களும் மரத்தால், உறை மாட்டியது போல் தோன்றினால், பார்வையைக் காலுக்குத் திருப்ப வேண்டும். சர்க்கரை நோய் மிக நீளமான நரம்புகளையே முதலில் தாக்குகிறது. அதனால் மரப்பு பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. முழங்காலை எட்டும் சமயத்தில்தான் பொதுவாக விரல் நுனிகளில் தெரியவரும். பி12 வைட்டமின் குறைவும் இப்படிப்பட்ட மரப்பைத் தரும். இந்த வைட்டமின் மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே கிடைப்பதால் சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருப்பது நல்லது. சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையக்கூடும். மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரத்தத்தைச் சோதித்தால் போதும். சத்து ஊசி நிஜமாகவே பலன் தரும் இடம் இதுதான். ஆனால் எல்லா வைட்டமினும் ஒன்றல்ல. பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகால்களை மரக்கவைக்கும்.

மிச்சமிருப்பது சுண்டுவிரல். அதுவும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்தால் பழுது பெரும்பாலும் முழங்கையில். அங்கே இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல் இருக்குமே, அந்த அல்னார் நரம்பு. முழங்கையை மேஜையில் ஊன்றி உட்கார்வது, மணிக்கணக்கில் மடக்கியபடி டெலிபோன் பேசுவது ஆகிய பழக்கங்களை விட்டாலே பலருக்குச் சரியாகிவிடும்.

ஆனால் இந்தியாவில் டாக்டர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழங்கையின் பின்புறம் நரம்பு கயிறு போல் தடித்திருக்கிறதா? உடம்பில் எங்காவது தொட்டால் உணர்ச்சி தெரியாத, வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். தோலை ஒட்டி ஓடும் இந்த நரம்பு அந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்தமான இடம். தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் குறைந்துவிட்டதாக 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அது ஒழிந்துவிட்டதாகவே பலரும் புரிந்துகொண்டார்கள். ஆனால் 2023-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். 6 மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். நரம்பின் கதை வேறு. மரப்பு தொடங்கி 6 மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு மாத்திரைகளால் அதை மீட்க வாய்ப்பு அதிகம். சத்து மாத்திரைகளில் வீணாவது பெரும்பாலும் அந்த 6 மாதம்தான். பிறகு விரல்கள் கொக்கி போல் மடங்கிக்கொள்கின்றன.

உணர்ச்சி போன கைக்கு என்ன ஆகிறது என்பதை உலகுக்குக் காட்டியது வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயில் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று நம்பப்பட்ட காலம் அது. விரல்கள் குறைவது வலி தெரியாததால்தான் என்று அவர் கண்டார். சுடும் பாத்திரத்தைப் பிடிப்பதும், புண்ணோடு வேலை செய்வதும் நோயாளிகளுக்குத் தெரியவில்லை. தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியவில்லை. நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்ததும் ஒரு சிகிச்சையாயிற்று. செயலிழந்த தசைகளுக்குப் பதிலாக நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தவும் அவர் வழி கண்டார்.

சர்க்கரை நோயாளிக்கும் அந்தப் பாடம் பொருந்தும். வலியோடு மரக்கும் கை ஆளை எப்படியும் டாக்டரிடம் கொண்டுபோய்விடும். வலியே இல்லாமல் மரக்கும் கைதான் ஆபத்தானது. உணர்ச்சி குறைந்தவர்கள் அடுப்பிலிருந்து எதையும் துணி பிடிக்காமல் இறக்கக் கூடாது. இரவு படுக்குமுன் விரல்களைத் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ வெட்டோ இருந்தால் அன்றே கவனிக்க வேண்டும். டாக்டரிடம் போகுமுன் ஒரு காகிதத்தில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, மரத்த இடங்களை மட்டும் தீட்டிக்கொண்டு போகலாம். எப்போது தொடங்கியது என்று அதன் கீழே தேதியும் குறித்துக்கொள்வது நல்லது. டாக்டர் கேட்க மறந்தாலும் அந்தக் காகிதம் சொல்லிவிடும்.