கண்ணுக்குள் போட்ட அந்த ஊசி ஏன் காணாமல் போனது?

1998 ஆகஸ்ட். ஃபோமிவிர்சென் என்ற மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்தது. மரபணுவின் உத்தரவை வழியிலேயே மறிக்கும் 'ஆன்டிசென்ஸ்' மருந்து ஒன்று சந்தைக்கு வந்தது அதுதான் முதல் முறை. எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையை அரித்துப் பார்வையைப் பறித்த சைட்டோமெகலோ வைரஸ்தான் அதன் இலக்கு.

இது எப்படி வேலை செய்யுது? வைரஸ் பெருகணும்னா புரதம் வேணும். அதற்கான உத்தரவு தூது ஆர்என்ஏ வழியாகத்தான் போகும். ஃபோமிவிர்சென் 21 எழுத்து நீளமுள்ள ஒரு செயற்கை டிஎன்ஏ துண்டு. ஜிப்பின் மறுபக்கம் மாதிரி அந்த ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். உத்தரவு கேன்சல்!

கண்ணைத் தேர்ந்தெடுத்ததில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இத்தகைய மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இழுத்துக்கொள்ளும். கண் ஒரு சின்ன, மூடிய அறை. துளி மருந்தே போதும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு மாதம் ஒன்று. (கண்ணுக்குள் ஊசி என்றதுமே வயிற்றைக் கலக்கும்தான்.)

அப்புறம் ஏன் காணோம்? 1996 வாக்கில் எச்ஐவிக்குக் கூட்டு மருந்துகள் வந்தன. நோய் எதிர்ப்புச் சக்தி மீண்டது, இந்த விழித்திரை நோய் மளமளவெனக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் வாங்க ஆளில்லாமல் மருந்து சந்தையை விட்டே போனது. அது தோற்றுப் போகவில்லை, விற்பனைதான் படுத்துவிட்டது.

'நோயாளி இல்லையென்றால் மருந்து எதற்கு' என்ற வாதம் பாதிதான் சரி. ஹெர்பிஸ் வைரஸ் இன்றும் கருவிழியில் தழும்பு ஏற்படுத்திப் பார்வையைக் கெடுக்கிறது. அசைக்ளோவிர் அதை அடக்கும், ஆனால் விரட்டாது. முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து திரும்பத் திரும்ப வரும். மரபணுவை மௌனமாக்கும் முறையும் பதுங்கியிருக்கும் வைரஸை அழித்துவிடாது. சொட்டு மருந்தாக விட்டால் கண்ணீரே கழுவிவிடும். போதாக்குறைக்கு, சில குட்டி ஆர்என்ஏ மருந்துகள் குறிவைத்த மரபணுவைத் தொடாமல், வெறுமனே உடலின் எதிர்ப்பைத் தூண்டியே பலன் காட்டியிருக்கலாம் என்று 2008-இல் எலிகளில் நடந்த ஆய்வு எச்சரித்தது.

இவை கடினமான கேள்விகள். ஆனால் இதே வகையைச் சேர்ந்த நுசினெர்சென், 2016-இல் அரிய தசைநலிவு நோய்க்கு வந்தபோது ஒரு டோஸ் விலை 1,25,000 டாலர். பணம் அந்தப் பக்கம் தாராளமாகப் பாய்கிறது. அசைக்ளோவிர் மாதிரி மலிவான மருந்தோடு போட்டியிட வேண்டிய கண் நோய்க்குத் தனியார் கம்பெனி வரிசையில் நிற்காது. அரசு ஆராய்ச்சி நிதிதான் இதை எடுத்துச் செய்யணும். முதல் வேலையாக, கண்ணீரில் கழுவிப் போகாத ஒரு சொட்டு மருந்து.