விண்டோவைச் சுருக்கிப் பாருங்க, அப்புறம் பணத்தைப் போடுங்க

டெஸ்க்டாப்ல ட்ரேடிங் ஆப் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் புரோக்கரேஜைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நான் இன்னொண்ணும் பார்க்கச் சொல்வேன்: விண்டோவைச் சின்னதாக்கினா அந்த ஆப் என்ன ஆகுது?

சிரிக்காதீங்க. நம்மில் பலர் வேலைக்கு நடுவுலதான் ஆர்டர் போடுறோம். ஒரு பக்கம் மெயில், இன்னொரு பக்கம் ட்ரேடிங் ஆப். லேப்டாப் 1920×1080 தானேன்னு நினைப்பீங்க. விண்டோஸ்ல ஸ்கேலிங் 150% இருந்தா ஆப்புக்குக் கிடைக்கிற இடம் 1280×720 தான். அதுல பாதின்னா அகலம் 640. ஆப்பை 1,000 பிக்சல் அகலத்துக்குன்னே கட்டி வெச்சிருந்தா, வலது ஓரத்துல 360 பிக்சல் கண்ணுக்கே தெரியாது.

அந்த ஓரத்துல என்ன இருக்குங்கிறதுதான் விஷயம். விளம்பர பேனர்னா போகட்டும். ‘இன்ட்ராடேயா, டெலிவரியா’ங்கிற தேர்வு அங்க இருந்து, இன்ட்ராடே ஏற்கெனவே டிக் ஆகியிருந்தா? பல வருஷம் வெச்சிருக்கலாம்னு நீங்க வாங்கின ஷேரை, 3.30-க்கு மார்க்கெட் மூடுறதுக்குள்ள புரோக்கரோட சிஸ்டமே வித்துடும். அதோட முடியாது. வருமான வரியில இன்ட்ராடே லாப நஷ்டம் ஸ்பெகுலேட்டிவ் பிசினஸ் கணக்குல வரும். சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 போட்டுக்கிட்டிருந்தவர் ஐடிஆர்-3க்குப் போகணும். நஷ்டமா இருந்தா, அதைச் சம்பளத்துலயோ மத்த ஷேர் லாபத்துலயோ கழிக்கவும் முடியாது.

“நீங்கதான் கவனமா பார்த்திருக்கணும்”ங்கிற பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். மறைஞ்சிருக்கிறதை எப்படிக் கவனிக்கிறது? இது ஆப்பைக் கட்டினவங்க பொறுப்பு. இருக்கிற அகலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற வசதி கியூட்டி, டபிள்யூபிஎஃப், எலக்ட்ரான்னு எல்லாத்துலயும் இருக்கு. அதைவிட முக்கியம், இடம் குறைஞ்சா எது முதல்ல ஒதுங்கணும்னு முடிவு பண்றது. சார்ட் ஒதுங்கலாம், நியூஸ் ஒதுங்கலாம். எண்ணிக்கை, விலை, ஆர்டர் வகை, கட்டணம், இந்த நாலும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கியாவது நிக்கணும். அதுக்கும் இடமில்லைன்னா, இதுக்கு மேல சுருங்காதுன்னு ஒரு குறைந்தபட்ச அளவு வெச்சுடணும். உங்கள்ல நிறைய பேர் ஐடிலதான் இருக்கீங்க. இப்படிப்பட்ட ஸ்க்ரீன் உங்க ஸ்பிரின்ட்ல வந்தா கொஞ்சம் யோசிங்க.

மத்தவங்களுக்கு ஒரு நிமிஷ டெஸ்ட். புது ஆப்ல பணம் போடுறதுக்கு முன்னாடி, விண்டோஸ் கீயோட இடது அம்புக்குறியை அழுத்துங்க. ஆப் பாதித் திரைக்கு வந்துடும். ஆர்டர் விண்டோவைத் திறங்க, சப்மிட் பண்ணாதீங்க. அந்த நாலும் ஸ்க்ரோல் பண்ணாமலே தெரியுதா? தெரியலைன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்புங்க. அவங்க சரிபண்ற வரைக்கும் ஆர்டரை முழுத் திரையில மட்டும் போடுங்க. இதுக்குன்னு 27 இன்ச் மானிட்டரை இஎம்ஐல வாங்கிடாதீங்க.