சுத்தியலுக்கு முன் குறிப்பேடு

மாங்காட்டிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள வாசக நண்பர்களிடையே அரியலூர்ப் பயணம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. தை பிறந்ததும் பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்தி முப்பது பேர் போவது. காரை, கல்லங்குறிச்சி, சாத்தனூர் ஆகிய மூன்று இடங்களைப் பார்ப்பது. ஆளுக்கு ஒன்றிரண்டு புதைபடிவங்களை எடுத்துக்கொண்டு மறுநாள் இரவு திரும்பிவிடுவது. இதுதான் திட்டம். கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலும் சுற்றுக்கு வந்துவிட்டது. சுத்தியல், உளி, சாக்குப்பை, தொப்பி, தண்ணீர், புளியோதரை. எல்லாமே தேவையானவைதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இல்லை.

குழுவாகப் புதைபடிவம் தேடிச் செல்வதற்கான ஆயத்தத்தில் பெரும்பகுதி, வண்டி ஏறுவதற்கு முன்பே வீட்டிலும் நூலகத்திலும் நடந்து முடிய வேண்டும். அந்த ஆயத்தம் இல்லாத கூட்டம் அங்கே போகாமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். இது கடுமையான பேச்சாகத் தோன்றலாம். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் போகவிருக்கும் நிலம் சாதாரணமானதல்ல. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளுக்குள் கடல் புகுந்தது. பல கோடி ஆண்டுகள் அது முன்னேறியும் பின்வாங்கியும் படிய வைத்த சேறும் மணலும் சுண்ணாம்பும்தான் இன்று ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் வரை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுருள் சங்கு போன்ற அம்மோனைட்டுகள், துப்பாக்கிக் குண்டு வடிவப் பெலம்னைட்டுகள், சிப்பிகள், பவளங்கள் எல்லாம் அந்தக் கடலின் குடிகள். காரையின் களிமண் மேடுகளில் மழை அரித்த ஓடைகளினூடே நடந்தால், ஜிப்சப் படிகங்களின் மினுக்கத்துக்கு இடையே இவை சிதறிக் கிடப்பதைக் காணலாம். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அம்மோனைட்டுகளும் உலகெங்கும் இல்லாமற்போயின. நம் வீடுகளின் பூஜையறையில் சாளக்கிராமமாக இருப்பதும், நேபாளத்துக் கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் அம்மோனைட்டுக் கல்தான்.

ஆகவே முதல் ஆயத்தம் காலத்தைப் பற்றியது. கோடி என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மனம் அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் நம்மிடமிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நம் மனித இனம் தோன்றியது சுமார் ஓர் அடி தூரத்தில். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த, 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் ஒன்றரை மீட்டரில். திருவக்கரைக் கல்மரங்கள் இருபது மீட்டரில். அரியலூர்க் கடல் நூறு மீட்டருக்கு அப்பால். மாங்காடு காமாட்சியம்மன் கோயில் வாசலில் நின்று தெருவில் நூறு மீட்டர் நடந்து பார்த்தால் போதும், இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிடும்.

இதைச் செய்யாமல் போகிறவர்கள் அங்கே சிப்பியைக் கண்டதும் கடல்கோளையும் மூழ்கிய தமிழ் நிலத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கடலைப் பார்த்த மனிதன் எவனும் இல்லை. அதற்குப் பெயரிட அப்போது எந்த மொழியும் இல்லை. இலக்கியம் படித்தவர்களுக்கே இந்த மயக்கம் அதிகம் வருகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி ஒன்றில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று சமூக ஊடகங்களில் செய்தி பறந்தது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய படிவ உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். விளக்கத்தைவிட வதந்தி பல மடங்கு பேரை எட்டியது. முப்பது பேர் கைபேசியுடன் போகும்போது இந்த ஆபத்தும் உடன் வருகிறது.

இரண்டாவது ஆயத்தம் குறிப்பெடுப்பது. இதன் அருமையை இந்த நிலத்தின் வரலாறே சொல்கிறது. 1840களில் தென்னிந்தியப் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிய கேய், கன்லிஃப் இருவரும் தொழில்முறை நிலவியலாளர்கள் அல்லர். சென்னை மாகாண சிவில் அதிகாரிகள். நம்மைப் போன்ற ஆர்வலர்கள் என்றே சொல்லலாம். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் அவர்கள் எடுத்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹெச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதியை அளந்து, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். மொராவியாவில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தச் சேகரிப்புகளை 1873க்குள் பல தொகுதிகளாக விவரித்து முடித்தார். உலகின் எந்த மூலையில் கிரெட்டேசியக் கடலுயிர்களை ஆராய்பவரும் இன்றும் அத்தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்தவர்கள் இந்தக் கற்களைப் படிக்க முடிந்தது எப்படி? ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்ற தகவல் அதனுடன் பயணம் செய்தது. அவ்வளவுதான். எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத அம்மோனைட் அழகான கல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏட்டுச்சுவடியிலிருந்து ஓர் ஓலையை உருவிக்கொண்டு வந்துவிட்டால் அந்த ஓலையும் பொருள் இழக்கிறது, சுவடியும் பொருள் இழக்கிறது. பதிப்பாசிரியர்களின் உழைப்பைப் போற்றும் நாம் இதைப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள்.

எடுத்ததைப் பாதுகாப்பது மூன்றாவது. அரியலூர்ப் பகுதிக் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு நிலவியலாளர்கள் 1987இல் விவரித்து, அந்த விலங்குக்கு புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். காலெலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த நில விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கும் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. ஐயத்தைத் தீர்க்க வழியில்லை. அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017இல் தெரியவந்தது. எஞ்சியவை சில வரைபடங்களும் புகைப்படங்களும் மட்டுமே. ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் களிமண்ணிலிருந்து எடுத்த எலும்பு எவ்வளவு எளிதில் பொடிந்துபோகும் என்பதற்கு இது சான்று. பயிற்சி பெற்றவர்கள் எடுத்ததற்கே இந்தக் கதி என்றால் நம் சாக்குப்பையில் விழுவதன் நிலை என்ன?

இங்கே ஒரு மறுப்பு எழும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் நாள்தோறும் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. 1953 போராட்டத்தால் தமிழகம் முழுதும் அறிந்த கல்லக்குடியின் மற்றொரு பெயரே ஓர் ஆலையால் வந்தது. லாரி லாரியாகச் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் அரைபடும்போது, நாம் ஆளுக்கு ஒன்று எடுப்பதால் என்ன குறைந்துவிடும்? எடுக்காமல் விட்டால்தானே இழப்பு?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் அலை அரித்துப் பாறைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. யாரும் எடுக்காவிட்டால் புதைபடிவங்கள் கடலில் கரைந்துபோகும். அதனால் அங்கே சேகரிப்பதை அனுமதிக்கிறார்கள். ஆனால் மேற்கு டார்செட்டில் அதற்கு ஒரு நெறிமுறை உண்டு. முக்கியமான கண்டெடுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும். பாறையில் பதிந்திருப்பதைத் தோண்டக் கூடாது. சுரங்கத்தில் அரைபடவிருக்கும் ஒன்றை உரிய அனுமதியுடன் எடுத்து, இடம் குறித்து, அருங்காட்சியகத்தில் சேர்ப்பவர் அதைக் காப்பாற்றுகிறார். அதையே எடுத்து வரவேற்பறை அலமாரியில் பெயரில்லாமல் வைப்பவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அறிவுக்கு அது ஆலையில் அரைபட்டதும் ஒன்றுதான், அலமாரிக்கு வந்ததும் ஒன்றுதான்.

மேலும், நம் பட்டியலில் உள்ள மூன்று இடங்களில் இரண்டில் இந்த வாதத்துக்கே இடமில்லை. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து எழுதிய சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தோடு படுத்திருப்பது, தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். காரை, குளக்காநத்தம் வழியிலுள்ள அரிநிலமும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் பார்க்கலாம், படமெடுக்கலாம், வரையலாம். எதையும் எடுக்கக் கூடாது. முப்பது பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தால் அறுபது. ஆண்டுக்கு ஐம்பது குழுக்கள் வந்தால் மூவாயிரம். மழை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அவ்வளவு வெளிக்கொணர்ந்து தரும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கான வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்டு வெளியிட்டது. சட்டம் வந்து தடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாமே ஒழுங்கு வகுத்துக்கொள்ளலாம்.

என் யோசனைகள் இவை. முப்பது பேரை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் குறிப்பெழுத, ஒருவர் படமெடுக்க, ஒருவர் பொதிய என்று முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். எடுப்பதற்கு முன் கிடந்த நிலையில், பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படம். கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. மேற்பரப்பில் உதிர்ந்து கிடந்ததா, அடுக்கில் பதிந்திருந்ததா என்ற குறிப்பு. பிறகு ஓர் எண். அதே எண்ணை எழுதிய துண்டுச் சீட்டுடன் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். பதிந்திருப்பதைப் பெயர்க்க வேண்டாம். எலும்பு போலத் தோன்றும் எதையும் தொட வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை. ஒரே வகையில் பத்துக் கிடந்தால் ஒன்று போதும். சிறுவர்கள் கொண்டுவந்து நீட்டும் கற்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஒருமுறை வாங்கினால் அடுத்த மாதம் அங்கே ஒரு சந்தை உருவாகிவிடும்.

நிலம் யாருடையது என்று கேட்டு, அவரிடம் பேசி, அனுமதி பெற்ற பிறகே இறங்க வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் ஆழமான நீர் நிற்கும், சுவர்கள் சரியும். குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகவே கூடாது. தச்சுச் சுத்தியல் கல்லில் பட்டால் இரும்புச் சில் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். நிலவியல் சுத்தியலும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாதவர் எதையும் உடைக்க வேண்டாம். தை, மாசிக்குப் பிறகு அந்த வெட்டவெளியில் வெயில் தாங்காது.

இன்னொன்று. அரியலூருக்கு முன் நம் பக்கத்தைப் பார்க்கலாம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் அடையாளம் கண்ட பல்லாவரம் மாங்காட்டிலிருந்து தொலைவில் இல்லை. மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர். அதன் களிப்பாறைகளில் பதிந்த இலைகளை ஃபூட்டுக்குப் பின் ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்தார். அரியலூர்க் கடலுக்கும் மூத்த அந்த இலைகள், பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவுவதற்கு முந்தைய, சைக்காடுகளை ஒத்த செடிகளுடையவை. கிணறு வெட்டிய மண்ணிலும் ஓடைக் கரையிலும்தான் அந்தப் பாறை கண்ணில் படும். கார் ஆலைகளும் மனைப்பிரிவுகளும் அந்நிலத்தை மூடிக்கொண்டு வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே குறிப்பேட்டோடு போய் எழுதவும் வரையவும் பழகினால், அது நமக்குப் பயிற்சியாகவும் இருக்கும், ஒரு பதிவாகவும் நிற்கும்.

ஆகவே என் கோரிக்கை எளியது. தைப் பயணம் நடக்கட்டும். முதல் முறை எவரும் எதையும் எடுக்க வேண்டாம்; வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, நிலத்தை நடந்து, எழுதிக்கொண்டு திரும்புவோம். அந்தக் குறிப்புகளை எல்லோரும் கூடிப் படித்துப் பார்த்த பிறகு, இரண்டாம் பயணத்தில் எதை, யாருடைய அனுமதியோடு, எந்த அருங்காட்சியகத்துக்காக எடுப்பது என்று தீர்மானிக்கலாம். நண்பர்கள் மறுத்து எழுதினால் மகிழ்வேன்.