தண்ணீர் எங்கே போகிறது?

அப்பாவின் லோரிக்கு வயது 22. என் தங்கையைவிட ஒரு வயது மூத்தது. வாரத்தில் மூன்று நாள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும். கம்போங் ராஜாவில் இரவு தங்கி, விடியுமுன் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போ மார்க்கெட்டுக்கு இறங்கும். நானும் தங்கையும் படித்து முடித்தது அந்த லோரியின் முதுகில்தான்.

சில மாதங்களுக்கு முன் வாட்டர் பம்பில் ஒழுகல். அப்பா வழக்கமாகப் போகும் பட்டறைக்காரருக்கு வயதாகிவிட்டது. ஒரு வேலையை இரண்டு நாள் இழுப்பார். கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு மட்டும் ஊர் வரும் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கண்ணாடிக் கதவும் ஏர்கோன் அறையும் உள்ள ஒரு புதுப் பட்டறைக்கு அனுப்பினேன். பம்ப், தெர்மோஸ்டாட், பெரிய ஹோஸ் இரண்டு, புது கூலண்ட் என்று 980 வெள்ளி ஆனது. பணம் கட்டிய சூட்டில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன்: "இனிமே பெரிய செலவு வந்தா வித்துடலாம்பா."

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சும்மா பானெட்டைத் திறந்து பார்த்தேன். ரிசர்வ் டாங்கியில் தண்ணீர் மேல் கோடு வரை நின்றது. ஆனால் நிறம் சரியில்லை. ஊற்றும்போது ரோஸ் சிரப் மாதிரி இருந்த கூலண்ட், ஐஸ் கரைந்தபின் கிளாஸ் அடியில் மிஞ்சுமே, அந்த நிறத்தில் இருந்தது. சீட்டுக்குப் பின்னால் கைவிட்டால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல்கள், ஏழு. ஐந்து காலி.

"எத்தனை நாளாப்பா தண்ணி ஊத்துறீங்க?"

அப்பா லோரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலை செஞ்சு எடுத்த மறுவாரத்துல இருந்து. நீதானே சொன்ன, செலவு வந்தா வித்துடலாம்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

வெறும் பைப் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ரேடியேட்டர் மூடியும் சாதாரண மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மலை உயர உயர வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். கூலண்டும் நீர்த்து, எங்கோ ஒழுகலும் இருந்து, பாரமும் ஏற்றிய லோரியில் அப்பா இரவு நேரத்தில் மலைப்பாதையில் போய் வந்திருக்கிறார்.

புதுப் பட்டறைக்குத் திரும்பப் போனோம். பத்து நிமிடம் பார்த்தார்கள். "தரையில் சொட்டு இல்லை. அப்படியென்றால் உள்ளே எரிகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். 4,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். அப்பா வெளியே வந்து, "வித்துடு தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷமாக இல்லை.

அன்று மாலையே பழைய பட்டறைக்கு வண்டியை விட்டோம். அந்தச் சீன அங்கிளும் அப்பாவும் முப்பது வருடப் பழக்கம். மலாயும் தமிழும் கலந்து பேசிக்கொள்வார்கள். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போது குறைகிறது?"

யாரும் கேட்காத கேள்வி. அப்பா சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். காய்கறிக் கணக்குக்குக் கீழே, ஊற்றிய தண்ணீருக்கும் தேதி போட்டுக் கணக்கு இருந்தது. மலையில் தங்கிய ஒவ்வொரு இரவுக்குப் பிறகும் அரைப் போத்தல். காய்ச்சலில் படுத்து, லோரி ஈப்போவுக்குள்ளேயே ஓடிய ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

அங்கிள் ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்தார். கூலண்ட் மாற்றியதும் உள்ளே காற்று அடைபட்டிருந்தால், அது வெளியேறும்போது மட்டம் இறங்கும். ஆனால் அது சில நாளில் நின்றுவிடும். இரண்டு மாதம் தொடராது. அடுத்து மூடி. அதன் ரப்பர் காய்ந்திருந்தது, ஆனாலும் அழுத்தம் பிடித்தது. பிறகு ரேடியேட்டர் வாயில் நீல மருந்துள்ள ஒரு குழாயை வைத்து எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் மருந்தின் நிறம் மாறும். மாறவில்லை; நீலம் நீலமாகவே இருந்தது. எண்ணெய்க் குச்சியிலும் பால் நிறம் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் பயம் அத்தோடு போனது.

கடைசியாக, கைப்பம்பால் ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏற்றினார். முள் அசையாமல் நின்றது. எனக்கு ஏமாற்றம். அவர் சிரித்தார். "எஞ்சின் இன்னும் சூடாக இருக்கிறது. சாபார். இரவு முழுக்க ஆறட்டும்."

மறுநாள் காலை ஆறரைக்குப் போனோம். அதே பம்ப், அதே அழுத்தம். இந்த முறை முள் மெல்ல இறங்கியது. எஞ்சின் பின்பக்கம், இன்டேக் குழாய்க்கு அடியில், கை நுழையாத இடத்தில் ஒரு சின்ன ஹோஸ். சிறிய கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஹோஸ் வாயில் ரோஸ் நிறத்தில் உப்புப் படிந்தது போன்ற காய்ந்த கறை. அதன் ஓரத்தில் புதிதாய் ஒரு துளி.

பம்பை மாற்றும்போது அந்த ஹோஸைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய ஹோஸையே திரும்ப மாட்டி, ஸ்பிரிங் கிளிப்புக்குப் பதில் ஸ்க்ரூ கிளிப்பை, அதுவும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். குளிரில் ரப்பர் சுருங்கும். ஸ்பிரிங் கிளிப் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ கிளிப் இறுக்கிய அளவிலேயே நிற்கும். மலைக் குளிரில் ஆறிய எஞ்சினை அப்பா விடியுமுன் முடுக்கும்போது, அழுத்தம் ஏறும், ரப்பர் இன்னும் சூடாகி விரிந்திருக்காது. அந்த நேரத்தில்தான் கசிவு. கசிந்ததும் எஞ்சின் சூட்டில் ஆவியாகிவிடும். தரைக்கு ஒரு சொட்டும் வராது.

புது ஹோஸ், ஸ்பிரிங் கிளிப், மூடி, உள்ளே கழுவிப் புது கூலண்ட்: 190 வெள்ளி.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்து எடுத்தபின் தண்ணீர் குறைந்தால், முதலில் கழற்றி மாட்டிய இடங்களைப் பாருங்கள். ரிசர்வ் டாங்கியில் மட்டத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். மட்டம் சரியாக இருந்தாலும் நிறத்தைக் கவனியுங்கள். அழுத்தச் சோதனையை எஞ்சின் ஆறியிருக்கும்போதும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். புகைச் சோதனை செய்யாமல் யாராவது ஹெட் கேஸ்கெட் என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர் குறைவதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனதற்குக் காரணம் ஹோஸ் அல்ல. நான் சொன்ன ஒரு வார்த்தை. அதற்குப் பயந்து ஒரு மனுசர் போத்தல் போத்தலாக ஊற்றி மறைத்திருக்கிறார்.

இப்போது மலையிலிருந்து இறங்கியதும் அப்பா போன் செய்கிறார். "மட்டம் அப்படியே நிக்குது தம்பி." போன வாரம் அதைச் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கினார்.

"முட்டிதான் ஒரு மாசமா வலிக்குது. கிளட்ச் மிதிக்கும்போது."

"எப்போது வலிக்கிறது?" என்று கேட்டேன். சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். 555 நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.