கேம் அல்ல, அதற்கு ஒரு கருவி

"கேம்" என்ற சொல் காதில் விழுந்தாலே வீட்டில் கணனியை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். உம்மா வாப்பாவைக் குறை சொல்ல முடியாது. போனும் கையுமாக இரவைக் கழிக்கும் பிள்ளைகளை அவர்கள் பார்க்கிறார்கள்தானே. ஆனால் கேம் விளையாடுவது ஒன்று, கேம் செய்வது இன்னொன்று. கேம் செய்பவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பது மூன்றாவது வேலை. எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவது இந்த மூன்றாவதுதான் என்பது என் கருத்து.

கேம் உருவாக்கும் மென்பொருளை கேம் எஞ்சின் என்பார்கள். அவற்றில் ஒன்று கோடோ. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கியது. 2014இல் அதை எவரும் இலவசமாகப் பாவிக்கவும் மாற்றவும் திறந்துவிட்டார்கள். ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். டேட்டா காசைக் கணக்குப் பார்க்கும் வீடுகளுக்கு இது சின்ன விசயமல்ல.

இனி பிளகின். வீட்டுத் தையல் மெஷினில் ஸிப் தைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பாதத்தை மாட்டுகிறோம். மெஷின் அதேதான், செய்யும் வேலை கூடுகிறது. பிளகினும் அப்படித்தான். 'அடன்ஸ்' என்ற கோப்புறைக்குள் இரண்டு சிறிய கோப்புகள் இருந்தால் போதும். ஒன்றில் பிளகினின் பெயர், விளக்கம், ஆக்கியோன், பதிப்பு, நிரல் கோப்பின் பெயர் என்று ஐந்து விபரங்கள். மற்றதில் நிரல். பிளகினை இயக்கும்போது எடிட்டரில் எந்தப் பொத்தானைச் சேர்க்கிறோமோ, நிறுத்தும்போது அதை நாமே எடுத்துவிட வேண்டும். நிரல் எடிட்டருக்குள்ளேயே ஓடுவதால், முடிவில்லாத சுழற்சி ஒன்றை எழுதினால் எடிட்டரே உறைந்துவிடும். எனவே முதலில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

என்ன பிளகின் செய்வது? எங்கள் நாட்டிலேயே விடை இருக்கிறது. கோடோவில் மொழிபெயர்ப்புகளை ஓர் அட்டவணையில் எழுதலாம்: ஒரு நிரலில் ஆங்கிலம், ஒன்றில் சிங்களம், ஒன்றில் தமிழ். தமிழ்க் கட்டம் வெறுமையாக இருந்தால் திரையில் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கும். பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் விடுபட்டும் பிழைபட்டும் கிடப்பதைப் பதுளையில் வளர்ந்த எவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தியதும் வெறுமையான தமிழ்க் கட்டங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் பிளகின் ஒன்றை யார் எழுதப் போகிறார்கள்? தமிழ் தேவைப்படுகிறவர்கள்தான் எழுத வேண்டும்.

இது வீண் கற்பனையல்ல. கோடோவின் பழைய பதிப்புகளில் 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகக் கிடக்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில்தான் இரண்டும் ஒழுங்காயின. யாரோ சிலர் இருந்து வேலை செய்ததால் ஒழுங்காயின, தானாக அல்ல.

"இது பரீட்சையில் வருமா?" என்று கேட்பார்கள். வராது. ஆனால் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எழுதிப் பார்க்கும் நிபந்தனையும் சுழற்சியும்தான் இங்கேயும் வருகின்றன. கொப்பியில் கிடக்காமல் ஒரு வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான். பசறை, லுணுகலைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் ஒன்றரை மணிக்கு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அவர்களால் ஒரு முழு கேமைச் செய்து முடிக்க இயலாது. நாற்பது ஐம்பது வரிப் பிளகினைச் சில பாடவேளைகளுக்குள் முடித்துவிடலாம். 'ஆக்கியோன்' என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதலாம்.

பாடசாலையிடம் நான் கேட்பது வாரத்தில் ஒரு பாடவேளை. பெற்றோரிடம் கேட்பது, அணைக்கச் சொல்வதற்கு முன் பிள்ளை என்ன செய்கிறாள் என்று திரையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது. உதவிக் குறிப்புகள் எஞ்சினுக்குள்ளேயே இருக்கின்றன, ஆங்கிலத்தில். இரண்டு பேராக உட்கார்ந்தால் ஒருத்தி எழுத, மற்றவள் அகராதியைப் புரட்டலாம்.